பிரவீன் அளவு

சீட்டு மறுபடியும் ஏறியிருந்தது.

வளர்மதி சைக்கிளைச் சுவரிலிருந்து விலக்கித் தன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். நேற்று சாயந்திரம் வேலை முடிந்து வந்ததும், தன் உயரத்துக்கு இறக்கியிருந்த சீட்டின் நட்டை ஸ்பேனரால் இன்னொரு தடவை இறுக்கிவிட்டுத்தான் சோறு தின்ன உட்கார்ந்தாள். இப்போது அது நாலு விரல் மேலே நிற்கிறது. சீட்டுக் கம்பியில் பிரவீன் ஆணியால் கீறி வைத்த கோடு ஒன்று உண்டு. சரியாக அந்தக் கோட்டில். ஒரு நூல் கூடுதல் இல்லை, ஒரு நூல் குறைச்சல் இல்லை.

பேய் பிசாசு என்றால் கதவைத் தட்டும், பாத்திரத்தை உருட்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். நட்டைக் கழற்றி, சீட்டை ஏற்றி, மறுபடியும் நட்டை ஒழுங்காக இறுக்கிவிட்டுப் போகிற பேயை யார் பார்த்திருக்கிறார்கள்? ஆனால் பிரவீன் அப்படித்தான். எதைச் செய்தாலும் ஒரு ஒழுங்கு இருக்கும் அவனிடம். அதனால்தான் வளர்மதிக்குப் பயமாக இருந்தது. கம்பியில் கறுப்பாக ஒரு விரல் தீற்றல் இருந்தது. செயின் கிரீஸாக இருக்கும் என்று பாவாடை நுனியால் துடைத்துவிட்டு, சீட்டை இறக்கினாள்.

பிரவீன் அவளுடைய அண்ணன். போன ஐப்பசியில் முகத்துவாரத்தைத் தாண்டும்போது அவர்களுடைய பைபர் படகு அலையில் அடிபட்டுப் பிளந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். பிரவீன் ஏறவில்லை. உடம்பு இந்தப் பக்கம் பழவேற்காட்டிலும் ஒதுங்கவில்லை, அந்தப் பக்கம் ஆந்திராக் கரையிலும் ஒதுங்கவில்லை. குப்பத்தில் இதற்கு ஒரு பேச்சு வைத்திருக்கிறார்கள்: கடல் வெச்சுக்கிச்சு. வளர்மதிக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. வைத்துக்கொள்வதற்கு அவன் என்ன அடகுக்கு வந்த பொருளா என்று தோன்றும்.

அவன் இருந்தவரை இந்த சீட்டுக்காக அவர்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சம் இல்லை. வீட்டில் ஒரே சைக்கிள். கீழே வளைந்த கைப்பிடி வைத்த ரேஸ் சைக்கிள், இரும்பு பிரேம், மீஞ்சூரில் யாரோ கைவிட்டதைப் பிரவீன் வாங்கி வந்து ஒன்றொன்றாகப் பழுது பார்த்தது. காலையில் வளர்மதி மீஞ்சூர் கம்பெனிக்கு அதில் போவாள். சாயந்திரம் அவள் வந்ததும் பிரவீன் எடுத்துக்கொண்டு திருப்பாலைவனம் வரை ஒரு விரட்டு விரட்டிவிட்டு வருவான். அவன் ஏற்றி வைப்பான், அவள் இறக்கி வைப்பாள். "குள்ளக் கத்திரிக்கா, உனக்கு இன்னாத்துக்குடி ரேஸ் சைக்கிளு?" என்பான். "நெட்டக் கொக்கு, சீட்ட இறக்கி வச்சிட்டுப் போனா கை ஒடிஞ்சிடுமா?" என்பாள் இவள். வருஷக்கணக்காக நடந்த வம்பு. ஆள் போன பிறகும் வம்பு மட்டும் நிற்காமல் நடந்துகொண்டிருந்தது.

ஒரே ஒரு தடவை அம்மாவிடம் கேட்டாள். ஜமுனா மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவன் வந்துட்டுப் போறான். வேற யாரு?" என்றாள், பால்காரன் வந்துவிட்டுப் போனதைச் சொல்கிற குரலில்.

அப்பா தனக்கோடி பக்கத்திலேயே நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு வளர்மதி யாரையும் கேட்கவில்லை. ஆனால் தினமும் சாயந்திரம் நட்டை இறுக்கும்போது, மனசுக்குள் ஒரு குரல், ஏத்து பாக்கலாம், என்று அவனை வம்புக்கு இழுத்தது. காலையில் ஏறியிருப்பதைப் பார்த்தால் பயமாக இருக்கும். கூடவே கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கும். இந்தச் சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

சாலையில் போகும்போது இது இன்னும் மோசம். அந்த பிரேம் பிரவீனுக்குப் பொருந்தியது. சீட்டை என்னதான் இறக்கினாலும் கைப்பிடி அவன் கைக்கு எட்டுகிற தூரத்திலேயே இருக்கும். எட்டிப் பிடிக்க வேண்டுமென்றால் முதுகை நீட்டி, தோளைத் தூக்கி, கழுத்தை முன்னால் தள்ள வேண்டும். அதாவது பிரவீன் மாதிரி உட்கார வேண்டும். காலை வெயிலில் தார் ரோட்டில் அவள் நிழல் நீண்டு ஓடும்போது அது அவள் நிழலாக இருக்காது. ஒருநாள் திருப்பாலைவனம் டீக்கடையில் நின்ற ஒருவர், வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, "டேய் பிரவீனு" என்று கூப்பிட்டுவிட்டார். பிறகு யாரென்று தெரிந்ததும் கையிலிருந்த டீயைக் கீழே கொட்டிவிட்டு உள்ளே போனார். வளர்மதி அன்றைக்கு மீஞ்சூர் போய்ச் சேரும்வரை நிழலைப் பார்க்காமல் ஓட்டினாள்.

அவளுக்கு முட்டிக்குப் பின்னால் நரம்பு இழுத்தது. விரல்கள் மரத்துப்போயின. சாதாரணமாகக் கம்பெனிக்குப் போய் வருகிறவளாக இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு காலம் தள்ளலாம். ஆனால் வளர்மதி மாவட்டப் பந்தயங்களில் ஜெயித்தவள். கார்த்திகையில் சென்னையில் ரயில்வேக்கு ஆள் எடுக்கிறார்கள், விளையாட்டு கோட்டாவில். அதில் சைக்கிள் ஓட்டுகிற பெண்களுக்கும் இடம் இருந்தது. இந்த வருஷம் விட்டால் அவளுக்கு வயசு தாண்டிவிடும். அதற்கப்புறம் ஆயுசு முழுக்க ஷிப்டு, ஷிப்டு விட்டால் வீடு, வீட்டில் ஏறுகிற சீட்டு. இதிலிருந்து வெளியே போக அவளுக்குத் தெரிந்த ஒரே வழி இரண்டு சக்கரத்தின் மேல்தான் இருந்தது.

சென்னையில் ரேஸ் சைக்கிள் கடை வைத்திருக்கிற ஹரிஹரனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் போட்டாள். கூடப் பந்தயம் ஓட்டுகிற பெண்கள் கொடுத்த நம்பர். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"முட்டிக்குப் பின்னாடி இழுக்குதா? கை மரத்துப் போகுதா? கழுத்து? சரிதான், பிரேம் உங்களுக்குப் பெரிசு. யாரோடது அது?"

"அண்ணனோடது சார்."

"அதை அண்ணன்கிட்டயே குடுத்துடுங்க," என்று சிரித்தார். "சீட்டை ஏத்தலாம், இறக்கலாம். கைப்பிடியக் கொஞ்சம் கிட்ட கொண்டு வரலாம். ஆனா பிரேமோட நீளத்தை யாராலும் சுருக்க முடியாது. அடுத்தவங்க சட்டையப் போட்டா மடிச்சு விட்டுக்கலாம். அடுத்தவங்க பிரேம்ல ஏறினா நம்ம உடம்பைத்தான் மடிக்கணும்."

வளர்மதி சரி சார் என்றாள். வேறென்ன சொல்வது?

புதிதாக வாங்கப்போகிற பிரேம் எதில் செய்ததாக இருக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது போனை ஸ்பீக்கரில் போட்டாள். தனக்கோடி வாசலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைக் கோத்துக்கொண்டிருந்தார். ஹரிஹரன் விளக்கினார். இரும்பு என்றால் உழைக்கும், குலுக்கல் தெரியாது, ஒடிந்தால் எந்த வெல்டிங் கடையிலும் ஒட்டலாம். ஆனால் கனம், உங்கள் ஊர் உப்புக்காற்று அதைத் தின்றுவிடும். அது வளர்மதிக்குத் தெரியும். ஜமுனா தினமும் அந்த சைக்கிளை எண்ணெய்த் துணியால் துடைக்கிறாள், பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. அப்படியும் மூட்டுக்கு மூட்டு செம்பழுப்பாகப் பொரிந்துகொண்டுதான் இருந்தது. அலுமினியம் என்றால் லேசு என்றார் அவர், விறைப்பு, ரோட்டுக் குழி ஒவ்வொன்றும் கையில் தெரியும், போல்ட் போகிற இடத்தை மட்டும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

"கார்பன் எடுத்தீங்கன்னா காத்து மாதிரி போகும். ஒண்ணே ஒண்ணு, விழுந்தா உள்ளுக்குள்ள விரிசல் விடும். வெளிய பெயிண்ட் அப்படியே இருக்கும், ஒண்ணும் தெரியாது. ஒருநாள் திடீர்னு விட்டுடும்."

தனக்கோடி வலை ஊசியை நிறுத்தினார். "அது இன்னாது, பைபர் மாதிரியா?"

"அதே மாதிரிதான் நைனா," என்றாள் வளர்மதி. "துணி துணியா அடுக்கி, மேல பசை ஊத்தி இறுக்கறது."

அவர் ஊசியை வலைக்குள் செருகி வைத்துவிட்டு எழுந்து ஏரிப்பக்கம் நடந்தார். படகு பிளந்த பிறகு அவர் கடலுக்குப் போவதில்லை. ஏரியில் மட்டும் இறாலுக்கு வலை விடுகிறார், அதுவும் யாருடையதோ பழைய மரப் படகில். வளர்மதி அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போனில் சொன்னாள்: "அலுமினியமே போடுங்க சார்."

அன்று சோற்றுக்கு உட்கார்ந்தபோது அவள் ஒரு வார்த்தை சொன்னாள். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "புதுசு வந்துட்டா இத யாருக்காச்சும் குடுத்துடலாம்மா. துருப்பிடிச்சுக் கெடக்குது." ஜமுனா கரண்டியால் குழம்பை அடியிலிருந்து கிளறினாள். பிறகு, "மீன் போடட்டா?" என்று கேட்டாள்.

இந்த வீட்டில் அளவு என்றால் கயிறுதான். படகுக்காரனுக்கும் கயிறு, கதவு செய்கிற ஆசாரிக்கும் கயிறு. ஈரக் கையோடு டேப்பைப் பிடித்தால் நம்பர் அழிந்துபோகிறது, வாயால் சொன்னால் ஆளுக்கு ஆள் மாறுகிறது. முடிச்சுப் போட்ட நைலான் கயிறு எங்கே போனாலும் அதே நீளம் என்பது தனக்கோடியின் கட்சி. பிரவீனுக்கு சைக்கிள் வாங்குமுன்னும் இப்படித்தான். நீலக் கயிற்றில் பாதத்துக்கு ஒரு முனை, கவட்டுக்கு ஒரு முடிச்சு, உச்சந்தலைக்கு ஒரு முடிச்சு போட்டுக் கொடுத்து அனுப்பினார். அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு மீஞ்சூர் முழுக்கத் தேடி, தன் உயரத்துக்குத் தகுந்த சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

அந்த நீலக் கயிறு இப்போது காணவில்லை. காணவில்லை என்பது வீட்டில் பெரிய பிரச்சினையாக இருந்தது. பெரியப்பா சகாதேவன், தனக்கோடியின் அண்ணன், வருஷம் திரும்புவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் கட்டி எரிப்பார்கள். "குத்துமதிப்பா கட்டக் கூடாது. ஆள் அளவு இருக்கணும். அந்த சைக்கிள் கயிறு இருக்குமே, அத எடு ஜமுனா," என்றார். எலி இழுத்துக்கினு போயிடுச்சு என்றாள் ஜமுனா. அப்படியென்றால் தேடு என்றார். தேடிக்கினுதான் கீறேன் என்றாள். அளவு இல்லாமல் காரியம் நின்றது.

வளர்மதிக்கு அளவெடுக்க அவளுடைய சிநேகிதி நந்தினி வந்தாள். சென்னைக்கு தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவள். ஹரிஹரன் சொன்னபடி வளர்மதி வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, பரீட்சை அட்டையைக் கவட்டில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, நந்தினி அதன் மேல்விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டாள். தலைக்கு ஒரு கோடு. இருவரும் சிரித்த சிரிப்பில் அட்டை இரண்டு தடவை நழுவியது. பிறகு தனக்கோடி வந்து, சுவரில் இருந்த கோடுகளுக்குப் புதுப் பச்சைக் கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டார். ஹரிஹரனிடம் கயிறு வருகிறது என்று சொன்னபோது, "கயிறா? சரி, அனுப்புங்க, டேப் வச்சுப் பாத்துக்கறேன்," என்றார். ஜமுனாதான் கயிற்றைச் சுருட்டி, பழுப்பு உறைக்குள் போட்டு, வாயை ஊசி நூலால் தைத்தாள். சுவரிலிருந்த சாக்பீஸ் கோடுகளையும் அவளே துடைத்தாள். நந்தினி உறையை மறுநாள் ரயிலில் எடுத்துப்போய் ஹரிஹரன் கடையில் கொடுத்தாள்.

அவர் போன் செய்தார். "வந்துச்சுங்க. நல்ல உயரம் நீங்க."

கடைக்காரர்கள் எல்லோரும் ஏதாவது நல்லது சொல்வார்கள் என்று வளர்மதி நினைத்துக்கொண்டாள். அன்றைக்கெல்லாம் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தாள்.

பிரேம் வந்த நாள் வேலைக்கு லீவு போட்டிருந்தாள். மினி வேன்காரன் அட்டைப்பெட்டியை வாசலில் இறக்கிவிட்டுப் போனான். பெரியப்பாவும் தற்செயலாக வந்திருந்தார், காரியப் பேச்சை மறுபடியும் எடுக்க. வளர்மதி பெட்டியைப் பிரித்து, பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, சாம்பல் நிற பிரேமை இரண்டு கையாலும் தூக்கினாள். ஒரு கோழியின் கனம்தான். அடடா என்றார் பெரியப்பா.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமே என்று அவள் புதிய பிரேமைக் கொண்டுபோய் பழைய சைக்கிளோடு ஒட்டிப் பிடித்தாள். மேல் குழாய்க்கு மேல் குழாய். தலைக் குழாய்க்குத் தலைக் குழாய். அவள் கை அப்படியே நின்றது. சாம்பல் நிறம் துருவை அப்படியே மறைத்துக்கொண்டது. எங்கும் ஒரு விரல் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. புதிதாக வாங்கிய சட்டைக்குள்ளிருந்து அண்ணனின் முகம் எட்டிப் பார்ப்பது மாதிரி இருந்தது.

"ரெண்டும் ஒண்ணாத்தானே கீது," என்றார் பெரியப்பா.

வளர்மதி பிரேமைக் கீழே வைத்தாள். பெட்டிக்குள் ஏதாவது தப்பாக வந்துவிட்டதா என்று கையை விட்டுத் துழாவினாள். நட்டு போல்ட் பாக்கெட்டோடு அந்தப் பழுப்பு உறை வந்தது. ஹரிஹரன் அளவுக் கயிற்றைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பியிருந்தார். அவள் உறையைக் கவிழ்த்தாள். கயிறு தரையில் விழுந்து தானாகவே சுருள் பிரிந்தது.

நீலக் கயிறு.

தனக்கோடி குனிந்து கயிற்றை எடுத்து, முடிச்சைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அவர் போட்ட முடிச்சு அவருக்குத் தெரியாதா.

"அம்மா," என்றாள் வளர்மதி. "பச்சக் கயிறு எங்க?"

ஜமுனா அடுப்படி வாசலில் நின்றாள். கண்ணால் கொல்லைப்பக்கம் காட்டினாள். கொல்லையில் இரண்டு முருங்கை மரத்துக்கு நடுவில் புதுக் கொடி கட்டியிருந்தது. அதில் வளர்மதியின் சுடிதார் காய்ந்துகொண்டிருந்தது. முடிச்சையெல்லாம் அவிழ்த்து இழுத்துக் கட்டிய பச்சைக் கயிறு.

வளர்மதிக்கு வந்த கோபம் இன்ன மாதிரி என்று சொல்ல முடியாது. அவளுடைய கார்த்திகை, அவளுடைய ரயில்வே, அவளுடைய முட்டி வலி, எல்லாவற்றையும் அம்மா அவிழ்த்துக் கொடி கட்டியிருந்தாள். "எனக்குப் பண்ணதாம்மா இது? என் காலு எட்டாது அதுல. தெரியுமில்ல உனக்கு? நான் இந்த வீட்டுல கீறேனா இல்லியா?"

"நீ பழச யாருக்காச்சும் குடுத்துடுவேன்னே," என்றாள் ஜமுனா. குரலில் சண்டை இல்லை. "அவன் தெனம் வந்து சீட்ட ஏத்தி வச்சிட்டுப் போறான். அது போயிடுச்சுன்னா வந்து இன்னாத்தத் தேடுவான்? புதுசும் அவன் அளவுல இருந்தா இன்னா கொறஞ்சி போச்சுன்னு நெனச்சேன். நீ எப்பவும் போல எறக்கி வச்சிக்க. அவன் ஏத்திக்கட்டும்."

"சீட்ட ஏத்தறதும் நீதானேம்மா. எதுக்கு இந்த நடிப்பு?"

ஜமுனா அவளை நேராகப் பார்த்தாள். "நானா? எனக்கு அந்த நட்டு எந்தப் பக்கம் திருவணும்னே தெரியாதே."

அது பொய் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. அம்மா இல்லையென்றால் பிறகு யார் என்ற கேள்வி அந்தப் பட்டப்பகலில் வீட்டுக்கு நடுவில் வந்து நின்றது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன்தான் என்று அவள் முழுசாக நம்பினாள். நம்பிய அந்தக் கணத்தில்தான் தனக்கோடியின் கை அவருடைய இடுப்பு மடிப்புக்குப் போனது. படகு இஞ்சினுக்கென்று வைத்திருந்த பழைய ஸ்பேனரை அவர் இன்னும் அங்கேதான் செருகியிருந்தார். படகு போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவர் விரல் நகமெல்லாம் கறுப்புக் கிரீஸ்.

"நைனா?"

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "விடியல்ல ஏரிக்குப் போறப்போ அது கண்ணுல படும். தாழ எறங்கிக் கெடந்தா, வூட்டுல அவன் இல்லன்னு அது சொல்றாப்புல இருக்கும். அந்தக் கோடு வரைக்கும் ஏத்தி வச்சிட்டுப் போனா, வல விடறப்போ கை வெளங்கும். அவ்ளோதான். உங்கம்மா அன்னிக்கு சும்மா சொல்றான்னு நெனச்சேன், நெசமாவே இப்படி நம்பிக்கினு இருப்பான்னு எனக்குத் தெரியாது."

ஜமுனா கீழே உட்கார்ந்தாள். "நீயா?" என்றாள். "நீயாய்யா? நான் தெனம் ஒரு பிடி சோறு கூடப் போட்டு வச்சேனே. வந்து சீட்ட ஏத்துனவன் சோத்தத் தொடாமப் போறானே, இன்னும் கோவமா கீறான்னு நெனச்சேனே."

தனக்கோடியும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒருவருக்கொருவர் தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் செத்த பிள்ளையை உயிரோடு வைத்திருந்திருக்கிறார்கள். நடுவில் உயிரோடிருக்கிற பிள்ளை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா, பேச்சில் யாருக்கும் சளைக்காத மனுஷன், செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வாசலுக்குப் போய் நின்றார்.

வளர்மதி ஹரிஹரனுக்குப் போன் போட்டாள். அவர் முதலில் திட்டினார், பிறகு காரணத்தை அவள் நாலு வார்த்தையில் சொன்னதும் குரலைத் தணித்துக்கொண்டார். "பாகம் எதுவும் மாட்டலியே? கீறல் இல்லியே? திருப்பி அனுப்புங்க, மாத்தித் தரேன். ஆனா நாளைக்கே சரியான அளவு வந்தாகணும். இல்லன்னா உங்க செலக்‌ஷனுக்குள்ள முடியாது. டேப் வச்சு எடுத்து போன்ல சொல்லுங்களேன்."

"கயிறே குடுத்து அனுப்பறேன் சார்," என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜமுனா எழுந்து கொல்லைக்குப் போனாள். சுடிதாரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொடியை அவிழ்த்தாள். பச்சைக் கயிற்றோடு வந்து, "நில்லு," என்றாள்.

வளர்மதி சுவரோடு நின்றாள். ஜமுனா முட்டி போட்டு, கயிற்றின் முனையை மகளின் குதிகாலில் வைத்து அமுக்கினாள். அட்டையை வைக்கச் சொல்லி, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டாள். மெல்ல எழுந்து கயிற்றை வயிறு, மார்பு, கழுத்து வழியாக மேலே கொண்டுவந்தாள். ஒரு வருஷமாக அவள் கை வளர்மதி மேல் இப்படிப் பட்டதில்லை. உச்சந்தலையில் உள்ளங்கையைப் பரப்பி வைத்து அழுத்தினாள். கயிற்றைப் பிடித்த இடத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். கயிற்றில் மீதி இவ்வளவு இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை போல.

"நீ இவ்ளோதானா?" என்றாள். "நான் உன்ன இன்னும் பெருசுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்டி."

அப்படிச் சொல்லிவிட்டு மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். வளர்மதியின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் பச்சைக் கயிறு கசங்கியது. அளவு மாறிடப் போகுதும்மா என்றாள் வளர்மதி. மாறாது, முடிச்சு போட்டாச்சு என்றாள் ஜமுனா.

நீலக் கயிற்றை அவளே எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்ற சகாதேவன் கையில் கொடுத்தாள். "மாமா, அளவு கெடச்சிடுச்சு," என்றாள். உடனே உள்ளே போய்விட்டாள்.

பச்சைக் கயிறு நந்தினியோடு ரயிலேறியது. இந்தத் தடவை உறையை யாரும் தைக்கவில்லை. மகாளய அமாவாசையன்று ஏரி கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மணலில் நீலக் கயிற்றை நீட்டிப் போட்டு, அதன் நீளத்துக்குத் தர்ப்பையில் உருவம் கட்டினார்கள். புல்லில் கட்டிய பிறகுதான் அவன் எவ்வளவு உயரம் என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது என்று பெரியப்பா வந்து சொன்னார். கயிற்றையும் அதன்மேல் வைத்துத் தனக்கோடி தீ வைத்தாராம். பெண்கள் அங்கே போவதில்லை. வளர்மதி வீட்டில் இருந்தாள். காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது நைலான் கருகுகிற வாசனை வந்தது, அல்லது வந்தது மாதிரி இருந்தது.

அன்று சாயந்திரம் வழக்கம்போல சீட்டைத் தன் உயரத்தில் வைத்து நட்டை இறுக்கினாள். புது பிரேம் வரும்வரை இதில்தானே பழக வேண்டும். ஏத்து பாக்கலாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. உதட்டுக்குள்ளேயே சொன்னாள்.

விடிந்தபோது அப்பா ஏரிக்குப் போயிருந்தார். ஸ்பேனர் ஜன்னல் கட்டையில் இருந்தது. வளர்மதி முகம் கழுவிக்கொண்டு வந்து சைக்கிளைச் சுவரிலிருந்து விலக்கித் தன் பக்கத்தில் நிறுத்தினாள்.

சீட்டு அவள் இடுப்புக்கு நேராக இருந்தது. நேற்று விட்ட இடத்தில். ஆணிக்கோடு நாலு விரல் உள்ளே, குழாய்க்குள் முழுகிக் கிடந்தது. சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். பனியில் ஈரமாக இருந்தது. ஏற்றியது அப்பாதான் என்று தெரிந்த பிறகும், இன்றைக்கு மட்டும் அது தானாக ஏறியிருக்கும் என்று தான் எவ்வளவு நம்பியிருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஐப்பசியிலிருந்து இன்றுவரை அவள் பிரவீனுக்காக ஒழுங்காக ஒருமுறைகூட அழவில்லை. சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது அழுவார்களா?

ஷிப்டுக்கு நேரமாகிறதே என்று ஜமுனா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"இன்னாடி, இன்னும் ஏறலியா?"

வளர்மதி சீட்டின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"ஏறலம்மா," என்றாள்.

ஜமுனா வெளியே வந்து பார்த்தாள். சைக்கிளைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். பிறகு வந்து மகளின் முதுகில் கையை வைத்தாள், அவள் அழுது முடிக்கும்வரை எடுக்கவில்லை.